அமெரிக்க நர்ஸ் லைசென்ஸ்: எதில் தொடங்குவது, எதைத் தள்ளிப்போடுவது?

கேள்வி: ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முடித்து, பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் படித்தேன். மதுரையில் மூன்று ஆண்டு, சவுதியில் நான்கு ஆண்டு ஐ.சி.யு.வில் வேலை பார்த்திருக்கிறேன். இப்போது ஊருக்கு வந்துவிட்டேன். அமெரிக்காவுக்கு அனுப்ப ஓர் ஏஜென்ட் நான்கு லட்சம் கேட்கிறார். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு மட்டும் முடித்துக் கொடுத்தால் ஒன்றரை வருடத்தில் குடும்பத்தோடு போய்விடலாம் என்கிறார். எந்தத் தேர்வை முதலில் எழுத வேண்டும்? நியூயார்க், டெக்சஸ், கலிஃபோர்னியா இவற்றில் எது சுலபம்? பாஸ்போர்ட்டில் என் பெயரோடு கணவர் பெயர் இருக்கிறது. சான்றிதழ்களில் அப்பாவின் இனிஷியல்தான். இது பிரச்சினையாகுமா? கணவர் இலங்கையின் ஹட்டனில் பிறந்தவர், 1983இல் பெற்றோரோடு தாயகம் திரும்பியவர். மகனுக்கு 9 வயது.
- வாசகி, தேனி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

ஐ.இ.எல்.டி.எஸ். வகுப்பில் இப்போது சேர வேண்டாம். அந்த மதிப்பெண்ணுக்கு ஆயுள் இரண்டே ஆண்டு. உங்களுக்கு அது உண்மையில் தேவைப்படுவது கடைசிக் கட்டத்தில். இன்று எழுதிவிட்டு மற்ற வேலைகளுக்காகக் காத்திருந்தால், கேட்கும் நேரத்தில் அது காலாவதியாகியிருக்கும். மறுபடி பணம் கட்டி எழுத வேண்டிவரும். முதலில் நகர வேண்டியவை உங்கள் படிப்பு ரெக்கார்டுகள். அடுத்தது என்க்ளெக்ஸ் தேர்வு. ஆங்கிலத் தேர்வு அதற்கும் பிறகுதான்.

ஏன் இந்த வரிசை என்பது புரிய, யார் எதைத் தருகிறார்கள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நர்ஸாக வேலை செய்ய லைசென்ஸ் தருவது அந்தந்த மாநிலத்தின் நர்சிங் போர்டு. அந்த லைசென்ஸுக்கான தேர்வு என்க்ளெக்ஸ்-ஆர்.என்.; நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு, நடத்துவது பியர்சன் வியூ மையங்கள். வெளிநாட்டில் படித்தவரின் படிப்பை அமெரிக்கப் படிப்போடு ஒப்பிட்டு அறிக்கை தருவது பெரும்பாலும் சி.ஜி.எஃப்.என்.எஸ். இந்த அமைப்பு 1977இல் தொடங்கியது, 2025இல் ட்ரூமெரிட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பழைய பெயரில் தேடிக் குழம்பாதீர்கள். குடியேற்ற விசாவுக்கு விசாஸ்கிரீன் என்ற தனிச் சான்றிதழ் வேண்டும். 1996ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. லைசென்ஸ் கிடைத்தால் விசா கிடைத்ததாக அர்த்தமில்லை. இரண்டும் வேறு வேறு அலுவலகங்களில், வேறு வேறு வேகத்தில் நடப்பவை. உங்கள் ஏஜென்ட் சொல்லும் ஒன்றரை வருடக் கணக்கில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

ரெக்கார்டுகளுக்கு வருவோம். அதிகம் பேர் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்வது இங்கேதான். மார்க் ஷீட்டையும் டிகிரியையும் நீங்களே ஸ்கேன் செய்து அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மதிப்பீட்டு நிறுவனத்தின் படிவத்தை உங்கள் கல்லூரி நிரப்பி, அதிகாரி கையெழுத்திட்டு, முத்திரை வைத்து, டிரான்ஸ்கிரிப்டோடு நேராக அவர்களுக்கே அனுப்ப வேண்டும். நர்சிங் கவுன்சிலின் பதிவுச் சரிபார்ப்புக்கும் இதே விதி. உங்கள் கை பட்ட உறை செல்லாது. இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 2023 ஜனவரியில் ஃபுளோரிடாவின் மூன்று நர்சிங் பள்ளிகளிலிருந்து 7,600க்கும் மேற்பட்ட போலி டிப்ளமோக்கள் விற்கப்பட்டது வெளியே வந்தது. உள்நாட்டுப் படிப்பிலேயே இப்படி நடந்தபின், வெளிநாட்டுக் காகிதத்தை இன்னும் கூர்ந்துதான் பார்ப்பார்கள்.

உங்கள் விஷயத்தில் இரண்டு படிப்பின் ரெக்கார்டும் போக வேண்டும். போஸ்ட் பேசிக் படித்த பலர் டிகிரிதான் பெரியது என்று நினைத்து அதை மட்டும் அனுப்புகிறார்கள். ஆனால் உங்களை நர்ஸாக்கிய அடிப்படைப் படிப்பு ஜி.என்.எம். அவர்கள் முதலில் தேடுவதும் அதைத்தான். ஜி.என்.எம். ரெக்கார்டு வராத ஃபைல் நகராது. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழையும் கேட்பார்கள், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிப் படிவத்தில் பாடவாரியாக தியரி மணி நேரம் எவ்வளவு, கிளினிக்கல் மணி நேரம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுத வேண்டும். மெடிக்கல், சர்ஜிக்கல், மகப்பேறு, குழந்தைகள், மனநலம் ஆகிய ஐந்தும் இரண்டு பத்தியிலும் நிரம்பியிருக்க வேண்டும். நம் கல்லூரி அலுவலகங்களில் பெரும்பாலும் மதிப்பெண் மட்டும் உள்ள டிரான்ஸ்கிரிப்டைத்தான் தயாராக வைத்திருப்பார்கள். அவசரத்தில் மொத்த மணி நேரத்தை ஒரே எண்ணாகப் போட்டுவிடுவார்கள், அல்லது சைக்கியாட்ரிக் கிளினிக்கலை விட்டுவிடுவார்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்தப் பாடத்தில் பயிற்சி இல்லை என்றே மதிப்பீட்டாளர் எழுதுவார். பிறகு அந்தக் குறையை நீக்க மறு கடிதம், மறு முத்திரை, மறு காத்திருப்பு. எனவே உங்கள் குமுலேட்டிவ் ரெக்கார்டு, கிளினிக்கல் போஸ்டிங் விவரம், நீங்கள் படித்த ஆண்டின் சிலபஸ் மூன்றையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். எண்களை அலுவலகத்தாரோடு உட்கார்ந்து சரிபார்த்தபின் உறையை ஒட்டச் சொல்லுங்கள். அலுவலகம் மின்னஞ்சலில் அனுப்புவதாக இருந்தால், கல்லூரியின் சொந்த முகவரியிலிருந்து போக வேண்டும். கிளார்க்கின் ஜிமெயில் உதவாது.

இதைப் படிக்கும் ஆண் நர்ஸ்களுக்கு ஒரு வார்த்தை. பழைய சிலபஸில் ஜி.என்.எம். படித்த ஆண்களில் பலருக்கு மிட்வைஃபரிக்குப் பதில் வேறு பாடம் இருந்தது. மகப்பேறு தியரியும் கிளினிக்கலும் இல்லையென்றால் பல மாநிலங்கள் குறை என்று நிறுத்திவிடும். உங்கள் டிரான்ஸ்கிரிப்டில் அந்தப் பத்தி எப்படியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

பதிவுச் சரிபார்ப்பு, தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலிலிருந்து மட்டும் போனால் போதாது, சகோதரி. நீங்கள் இதுவரை பதிவு செய்திருக்கும் எல்லா இடங்களிலிருந்தும் விசாஸ்கிரீனுக்குச் சரிபார்ப்பு வர வேண்டும். சவுதியில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் ஆணையத்தின் பதிவு காலாவதியாகியிருந்தாலும் அதை மறைக்கக் கூடாது. அங்கிருந்தும் வாங்கியாக வேண்டும். அந்த நாட்டு வேலை விட்டபின் இதை வாங்குவது கடினம். கணக்கும் மின்னஞ்சலும் இன்னும் இயங்கும்போதே முயற்சி செய்யுங்கள். இப்போது சவுதியில் இருப்பவர்கள் ஊருக்குக் கிளம்பும் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. தமிழ்நாட்டுப் பதிவில் போஸ்ட் பேசிக் தகுதி கூடுதல் தகுதியாக ஏறியிருக்கிறதா, புதுப்பித்தல் நடப்பில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பெயர்ப் பிரச்சினை உங்களுக்கு மட்டும் அல்ல, தமிழ்நாட்டிலிருந்து போகும் ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. பத்தாம் வகுப்பில் இனிஷியல் முன்னால், கவுன்சிலில் பின்னால், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர், சவுதி அட்டையில் அப்பா பெயரும் தாத்தா பெயரும். அமெரிக்க அலுவலகத்துக்கு இவை நான்கு வெவ்வேறு பெண்கள். தேர்வு நாளில் மையத்தில் நீங்கள் காட்டப்போவது பாஸ்போர்ட். அனுமதிக் கடிதத்தில் உள்ள பெயர் அதோடு பொருந்தவில்லை என்றால் உள்ளே விட மாட்டார்கள், கட்டிய பணமும் திரும்பாது. ஆகவே இன்றைய பாஸ்போர்ட்டில் எப்படியிருக்கிறதோ அப்படியே போர்டிலும் பியர்சன் வியூவிலும் மதிப்பீட்டு நிறுவனத்திலும் ஒரே எழுத்தில் பதியுங்கள். முந்தைய பெயர்களைக் கேட்கும் இடத்தில் சான்றிதழ்ப் பெயரை இனிஷியலோடும், விரித்தும் எழுதுங்கள். திருமணப் பதிவுச் சான்றிதழும், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்ற நோட்டரி உறுதிமொழிப் பத்திரமும் தயாராக இருக்கட்டும். கல்லூரியும் கவுன்சிலும் நிரப்பும் படிவங்களில் இரண்டு பெயரையும் குறிப்பிடச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் ஏதாவது மாற்ற நினைத்தால் எல்லாவற்றுக்கும் முன்பே மாற்றிவிடுங்கள். நடுவில் மாற்றினால் ஒவ்வோர் இடத்திலும் திருத்தம் கேட்டு நிற்க வேண்டியிருக்கும்.

மாநிலம் எது என்ற கேள்விக்கு, சுலபமானது என்று ஒன்றைக் காட்டுவதைவிட உங்களுக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதே சரி. கலிஃபோர்னியாவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஒரு பாடத்தின் தியரியும் கிளினிக்கலும் ஒரே காலத்தில் நடந்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. நம் ஊரில் தியரி ஒரு வருடம், அதன் போஸ்டிங் அடுத்த வருடம் என்று பிரிந்திருப்பது சாதாரணம். அந்த ஒரு காரணத்தாலேயே அங்கே விண்ணப்பம் நின்றுபோகலாம். டெக்சஸில் விரல் ரேகைப் பின்னணிச் சோதனையும், அந்த மாநில நர்சிங் சட்டம் பற்றிய தனித் தேர்வும் உண்டு. நியூயார்க்கில் உங்கள் ரெக்கார்டுகளை அந்த மாநிலம் ஏற்கும் சரிபார்ப்பு நிறுவனம் வழியாகச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமலே விண்ணப்பிக்கலாம். அந்த எண் அமெரிக்காவில் வேலை அனுமதியோடு இருப்பவருக்குத்தான் கிடைக்கும். சில மாநிலங்கள் அது இல்லாமல் விண்ணப்பத்தையே வாங்காது. சில மாநிலங்கள் தேர்வு எழுத விடும், ஆனால் லைசென்ஸ் எண்ணை நிறுத்தி வைக்கும். எனவே நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு: அந்த எண் இல்லாமல் தேர்வு எழுத விடுகிறார்களா, விண்ணப்பத்தோடே ஆங்கில மதிப்பெண் கேட்கிறார்களா. இரண்டிலும் உங்களுக்குச் சாதகமான மாநிலத்தைத் தேர்ந்தெடுங்கள். போர்டின் சொந்த இணையதளத்தில் விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதியை மட்டும் நம்புங்கள். கோச்சிங் சென்டர் தரும் பட்டியல்கள் சீக்கிரம் பழசாகிவிடும்.

ஒரு மாநிலத்துக்காக எழுதித் தேறினால் அந்தத் தேர்ச்சி நாடு முழுவதும் செல்லும். வேலை கிடைப்பது வேறு மாநிலத்தில் என்றால் என்டார்ஸ்மென்ட் முறையில் அங்கே லைசென்ஸ் கேட்கலாம், மறுதேர்வு இல்லை. ஆனால் புது மாநிலம் தன் ஆவணங்களைத் தனியாகக் கேட்கும். நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் செல்லும் பல மாநில லைசென்ஸ் பற்றி விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த ஒப்பந்தத்தில் உள்ள மாநிலம் ஒன்றில் குடியிருப்பவருக்குத்தான் அது. தேனியிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு ஒரு மாநில லைசென்ஸ்தான்.

என்க்ளெக்ஸ் கட்டணம் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவதால் இன்னும் 150 டாலரும் வரியும் சேரும். சென்னையிலேயே எழுதலாம். போர்டு உங்களைத் தகுதியானவர் என்று அறிவித்தபின் அனுமதிக் கடிதம் மின்னஞ்சலில் வரும். அதில் உள்ள தேதிக்குள் எழுதியாக வேண்டும், நீட்டிக்க மாட்டார்கள். படித்து முடிக்காமல் அவசரப்பட்டு விண்ணப்பித்தவர்கள் இந்தத் தேதியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

தேர்வு ஐந்து மணி நேரம். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150. நீங்கள் சரியாகச் சொல்லச் சொல்ல கணினி கடினமான கேள்வியைத் தரும், தவறினால் எளிதாக்கும். உங்கள் தரம் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலா கீழா என்பது 95 சதவீத உறுதியோடு தெரிந்ததும் தேர்வு நின்றுவிடும். 85இல் நின்றால் தேர்ச்சி என்று ஹாஸ்டல்களில் சொல்வார்கள். தோல்வியும் 85இலேயே முடியலாம். 2023 ஏப்ரலில் வந்த புதிய வடிவத்தில் ஒரு நோயாளியின் விவரத்தை வைத்து ஆறு கேள்விகள் கொண்ட கேஸ் ஸ்டடிகள் உண்டு. ஒவ்வொருவருக்கும் மூன்று வரும். நர்ஸ் நோட்ஸ், லேப் ரிப்போர்ட், ஆர்டர் எல்லாம் திரையில் இருக்கும். எது முக்கியம், எது முதலில், செய்தது பலன் தந்ததா என்று படிப்படியாகக் கேட்பார்கள். ஐ.சி.யு.வில் இருந்த உங்களுக்கு இது கைவந்த கலை.

இந்தியாவிலும் வளைகுடாவிலும் வேலை பார்த்தவர்கள் தவறுவது வேறு இடத்தில். நம் வார்டு பழக்கத்தில் ஏதாவது மாறினால் முதல் வேலை டாக்டருக்குச் சொல்வது. அந்தத் தேர்வில், நர்ஸே செய்யக்கூடிய ஒன்று பாக்கியிருக்கும்போது டாக்டரை அழைப்பது பெரும்பாலும் தவறான விடை. ரத்தம் ஏற்றும்போது நோயாளிக்கு நடுக்கமும் முதுகுவலியும் வந்தால், முதலில் ரத்தத்தை நிறுத்துவது, அடுத்துதான் தகவல். அதேபோல எந்த வேலையை உதவியாளரிடம் கொடுக்கலாம், எதை ஆர்.என். எனும் பதிவு பெற்ற நர்ஸ் மட்டுமே செய்ய வேண்டும் என்ற கேள்விகள் நிறைய வரும். புதிதாக அட்மிட் ஆனவரை முதலில் மதிப்பிடுவது, நோயாளிக்குக் கற்றுத்தருவது, நிலையற்ற நோயாளி ஆகிய மூன்றையும் கைமாற்றக் கூடாது. மருந்துகளை ஜெனரிக் பெயரில்தான் கேட்பார்கள். பிராண்ட் பெயரிலேயே பழகியவர்கள் முதல் நாளிலிருந்தே மாற்றிக்கொள்ள வேண்டும். கேள்வி வங்கியில் எத்தனை ஆயிரம் கேள்வி முடித்தோம் என்பதைவிட, தவறிய ஒவ்வொன்றிலும் மற்ற விடைகள் ஏன் தவறு என்று எழுதிப் பார்த்தோமா என்பதே பலன் தரும். தவறிவிட்டால் பொதுவாக 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம், கட்டணம் புதிதாக. எந்தப் பகுதியில் கோட்டுக்குக் கீழே இருந்தீர்கள் என்ற அறிக்கை தருவார்கள். அதைப் பார்க்காமல் மறுபடி முழுப் புத்தகத்தையும் புரட்டாதீர்கள்.

இனி விசா. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி இங்கேதான் பெரிதாகிறது. பதிவு பெற்ற நர்ஸ்களுக்கு அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஆள் பற்றாக்குறைச் சோதனை தேவையில்லை. மருத்துவமனை நேரடியாக ஐ-140 என்ற குடியேற்ற மனுவைத் தாக்கல் செய்யலாம், என்க்ளெக்ஸ் தேர்ச்சிக் கடிதமே அதற்குப் போதும். மனு போன நாள்தான் உங்கள் வரிசை எண். ஆனால் வரிசை பிறந்த நாட்டைப் பொறுத்தது. நர்ஸ்கள் வருவது வேலைவாய்ப்புக் குடியேற்ற விசாவின் மூன்றாம் பிரிவில். இந்தியாவில் பிறந்தவர்களுக்கான அந்தப் பிரிவு வரிசையில் 2025இல் அழைக்கப்பட்டவர்கள் 2013இல் மனுப் போட்டவர்கள். அந்தக் கணக்கில் காத்திருந்தால் உங்கள் மகன் 21 வயதைத் தாண்டி, உங்களோடு வரும் உரிமையையே இழக்கலாம். ஒன்றரை வருடம் என்று சொன்ன ஏஜென்ட் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் கணவர் பிறந்தது இலங்கையில். கணவன் மனைவி பிரியக் கூடாது என்பதற்காக, உடன் வரும் துணைவரின் பிறந்த நாட்டு வரிசையில் நிற்க அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. இன்று அவர் இந்தியக் குடிமகன் என்பது இதில் குறுக்கே வராது. பார்ப்பது பிறந்த இடத்தை. இலங்கை, தனி வரிசை இல்லாத நாடுகளுக்கான பொது வரிசையில் வருகிறது. 2025இல் அந்த வரிசையில் 2023ஆம் ஆண்டு மனுக்கள் நடந்துகொண்டிருந்தன. பன்னிரண்டு வருடக் காத்திருப்பு இரண்டு மூன்று வருடமாகக் குறையக்கூடிய வாய்ப்பு இது. நிபந்தனை ஒன்றுதான்: இருவருக்கும் விசா சேர்ந்து வாங்கி, சேர்ந்தே போக வேண்டும். நீங்கள் முன்னால் போய்விட்டு அவரைப் பிறகு அழைத்துக்கொள்ள முடியாது. இதற்கு ஆதாரம், அவருடைய இலங்கைப் பிறப்புச் சான்றிதழ். தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டையில் பிறந்த ஊர் இருந்தாலும் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பிறப்பு பதிவான கோட்டத்திலிருந்து சான்றிதழ் நகல் எடுக்க இப்போதே உறவினர் மூலம் முயலுங்கள். தோட்டப் பகுதிப் பதிவுகளில் தகப்பன் பெயர் எழுத்து மாறியிருப்பது சகஜம். கிடைத்ததும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மனுப் போடும் மருத்துவமனையின் வழக்கறிஞரிடம் இந்த விஷயத்தை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

வரிசை நெருங்கும்போதுதான் ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் பிரிவு மட்டுமே செல்லும், ஜெனரல் செல்லாது. விசாஸ்கிரீனுக்கு மொத்தம் 6.5, ஸ்பீக்கிங்கில் 7 வேண்டும். ஆங்கில வழியில் படித்தோம் என்ற கடிதம் இந்தியாவில் படித்தவருக்கு இங்கே உதவாது. விசாஸ்கிரீன் சான்றிதழ் ஐந்தாண்டு செல்லும், விசா நேர்காணல் நாளில் நடப்பில் இருக்க வேண்டும்.

நான்கு லட்சம் பற்றி. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் இந்தியக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். பதிவு எண்ணை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடிப் பாருங்கள். கோச்சிங், ஃபைலிங் என்று தலைப்பு மாற்றிக் கேட்டால், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். மேலே சொன்ன விண்ணப்பங்கள் அனைத்தையும் நீங்களே இணையத்தில் போடலாம். கல்லூரியிலும் கவுன்சிலிலும் அலைவது எப்படியும் நீங்கள்தான்.

மருத்துவமனையோ அதன் ஆள்சேர்ப்பு நிறுவனமோ ஒப்பந்தம் நீட்டும்போது இரண்டு இடங்களைத் தேடிப் படியுங்கள். ஒன்று, காலம் வருடத்திலா மணியிலா என்பது. இரண்டு வருடம் என்று வாயால் சொல்லி 4,160 மணி நேரம் என்று எழுதியிருப்பார்கள். அது வாரம் 40 மணிக் கணக்கு. அங்கே நர்ஸ் பார்ப்பது வாரத்துக்கு 12 மணி நேர ஷிஃப்ட் மூன்று, ஆக 36 மணி. ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் வேலை செய்தாலே இரண்டு வருடம் இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும். ஓவர்டைமும் ஓரியன்டேஷனும் கணக்கில் சேருமா என்று கேளுங்கள். இரண்டாவது, நடுவில் விட்டால் கட்ட வேண்டிய தொகை. 2019இல் நியூயார்க்கில் உள்ள ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், பிலிப்பைன்ஸ் நர்ஸ்கள் தொடுத்த வழக்கில் 25,000 டாலர் அபராதப் பிரிவைச் செல்லாது என்று தள்ளியது. ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்தை மீறுகிறது என்றும் சொன்னது. வழக்குப் போட்டு வெல்லும் நிலை எல்லோருக்கும் வாய்க்காது. எனவே உங்களுக்காக உண்மையில் செலவழித்த தொகை எவ்வளவு, வேலை செய்த மாதத்துக்கு ஏற்ப அது குறைந்துகொண்டே வருமா என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதித் தராத இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்; அசல் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டையும் யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்.